வாயைத் திறந்து சொல்

சேலம் மத்திய சிறை
11.5.2025

அன்புத் தங்கச்சி எழிலுக்கு,

அண்ணன் சின்னராஜ் எழுதுகிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? சோபனாவும் பாப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். போன வாரம் சோபனா உன் கையில் போனைக் கொடுத்தாள். நான் வரிசையாகக் கேட்டேன். நீ "ம்" என்றாய், "ம்ம்" என்றாய், அதற்குள் எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிட்டது. பேனா பிடித்தால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவள், வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் ஏன்டி இப்படி? இனி நமக்குள் லெட்டர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வக்கீல் வந்திருந்தார். அப்பீலில் உன்னை மறுபடி சாட்சிக் கூண்டில் ஏற்ற அனுமதி கிடைத்துவிட்டது. ஒகேனக்கல்லில் அன்றைக்குப் பரிசலில் இருந்தது நானும் அந்தப் பெண் பிளசியும் மட்டும். கவிழ்ந்ததில் அது செத்துப்போய்விட்டது, நான் கரையேறிவிட்டேன். பார்த்த ஆள் நீ ஒருத்திதான். உன் மீன் வறுவல் கடைக்குக் கீழேதானே பரிசலை எடுத்தேன். நான் லைஃப் ஜாக்கெட் கொடுத்தேன், அந்தப் பெண் போட்டோ எடுப்பதற்காக அதைக் கழற்றிவிட்டது. இதை நீ சொன்னால் என் மூன்று வருஷத் தண்டனை குறையும், சீக்கிரம் வெளியே வரவும் வழி உண்டு என்கிறார். போன தடவை இதைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் நீ மயங்கி விழுந்தாய்.

உன் மேல் கோபம் இல்லை. ஆறாம் வகுப்பில் பிரேயரில் குறள் சொல்ல மேடை ஏற்றியதும் பாவாடையை நனைத்துக்கொண்டு வூடு வரைக்கும் அழுதுகொண்டே ஓடிவந்தவள்தானே நீ. ஆனால் இந்தத் தடவையும் அப்படி நின்றால் நான் செத்தேன். பழகு. கண்ணாடி முன்னால் நில், மாட்டிடம் பேசு, என்னமோ செய்.

இங்கே லெட்டரைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள். பார்த்து எழுது.

உன் அண்ணன்
சின்னராஜ்


காரிமங்கலம்
25.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில் எழுதுவது. அம்மாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. அண்ணி சாப்பிடுகிறார்கள், பேச்சுதான் குறைந்துவிட்டது. பாப்பா உன் சட்டையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறது. உனக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா?

பழகு என்று சுலபமாக எழுதிவிட்டாய். எனக்கு என்ன ஆகிறது என்று உனக்குத் தெரியாது. கூண்டில் ஏறியதும் முதலில் கால் காணாமல் போனது. குனிந்து பார்த்தேன், இருந்தது. பிறகு நாக்கு. வக்கீல் கேட்பது காதில் விழுகிறது, பதிலும் தெரிகிறது, ஆனால் தொண்டைக்குள் யாரோ கையை விட்டு அடைத்துக்கொண்ட மாதிரி. அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். கண்ணைக் கட்டியது, விழுந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்தபோது உன்னைக் கூட்டிப் போய்விட்டார்கள். உன்னை நானே உள்ளே தள்ளிவிட்டேனே என்று அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன்.

ஒகேனக்கல் கடையை எடுத்துவிட்டதால் இப்போது பச்சியப்பன் மாமாவின் கருவாட்டு வியாபாரத்தில்தான் நிற்கிறேன். எடை போடுவதும் கட்டிக் கொடுப்பதும் என் வேலை. கூவுவது மாமா. உன் லெட்டரைப் படித்துக் காட்டினேன். "அப்டீன்னா வர்ற சந்தையில இருந்து நீயே கூவு. வாயத் தொறக்காம கருவாடு விக்க முடியாது, சாட்சியும் சொல்ல முடியாது" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி
எழிலரசி


சேலம்
15.6.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். சளி போய்விட்டது, இருமல் மிச்சம் இருக்கிறது. அம்மாவை மாத்திரையை விடாமல் போடச் சொல்.

மாமா சொன்னது சரியான யோசனை. இங்கே என் அறையில் தமிழ்மணி என்று ஒரு அண்ணன் இருக்கிறார். அரூர் பக்கம் ஊர்த் திருவிழாக்களில் மைக் பிடித்தவர். ஒரு கைகலப்பில் சிக்கி இங்கே வந்துவிட்டார். உன் கதையைச் சொன்னேன். மனுஷனுக்கு ஒரே குஷி. "நம்ம தொழிலு கேக்க ஒரு ஆளு கெடச்சுதே" என்று தினமும் பாடம் நடத்துகிறார். எழுதச் சொன்னதை எழுதுகிறேன்.

மூச்சை இழுத்துவிட்டுத்தான் முதல் வார்த்தையைச் சொல்ல வேண்டுமாம். அந்த முதல் வார்த்தை உரக்க வந்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடுமாம். அப்புறம், கூட்டத்தைப் பார்க்கவே கூடாது. ஒரே ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்த ஆளுக்கு மட்டும் சொல்கிற மாதிரி பேச வேண்டும். அவர் முதல் தடவை மைக் பிடித்தபோது பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்தே முழு நிகழ்ச்சியையும் ஓட்டினாராம். கடைசியில் அந்த ஆள் பயந்துபோய் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாராம்.

சிரித்துக்கொண்டே படிக்கிறாய், தெரியும். ஆனால் செய்.

உன் அண்ணன்
சின்னராஜ்


காரிமங்கலம்
13.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். பாப்பாவைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. முதல் நாள் அழாமல் போனது, அண்ணிதான் அழுதார்கள். உன் இருமலுக்கு அங்கே டாக்டரிடம் மருந்து கேட்டாயா?

சந்தைக் கதையைக் கேள். முதல் வாரம் மாமா என்னைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் வரும்வரை நான் நெத்திலியைக் குவித்துக் குவித்துச் சரி பண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு கிலோகூடப் போகவில்லை. "கருவாட்டுக்கு வாய் இருந்தா அதுவே கூவியிருக்கும்" என்றார். இரண்டாம் வாரம் வாயைத் திறந்தேன். பூனை கத்திய மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் தக்காளி விற்கிற குள்ளம்மாள் அக்கா சிரித்து உருண்டது.

மூன்றாம் வாரம் தமிழ்மணி அண்ணன் சொன்னபடி ஒரு முகத்தைப் பிடித்தேன். எதிர் வரிசையில் பூட்டு விற்கிற பெரியவர். அவருக்குக் கருவாடே ஆகாது போல, மூக்கைச் சுளித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து "நெத்திலி, நெத்திலி, மண்ணில்லாத நெத்திலீ" என்று இழுத்தேன். அண்ணா, சத்தியமாக அது என் குரலா என்று திரும்பிப் பார்த்தேன். இரண்டு பொம்பளைகள் நின்றார்கள். மதியத்துக்குள் மூட்டை காலி. பூட்டுக்காரப் பெரியவரும் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார், பாவம், பயத்தில்.

வூட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். சந்தோஷத்தில்தான். இத்தனை வருஷம் இந்தக் குரல் எங்கே இருந்தது என்று இருந்தது.

தங்கச்சி
எழிலரசி


சேலம்
3.8.2025

என் தங்கத்துக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. இருமலுக்கு மருந்து கொடுத்தார்கள். நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் லெட்டரை அறையில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தமிழ்மணி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ பெரிய ஆளாகிவிட்டாய்.

தேதி போட்டுவிட்டார்கள், அக்டோபர் 14. என்னையும் போலீஸ் காவலோடு கூட்டி வருவார்கள். குரல் வந்துவிட்டது, இனி விஷயத்தைப் பழகு. ஜாக்கெட் கொடுத்ததைப் பார்த்தேன். அந்தப் பெண் கழற்றியதைப் பார்த்தேன். இவ்வளவுதான். ஆற்றில் கீழே ஜாக்கெட் கிடைத்ததும் இதற்கு ஒத்துவருகிறது என்கிறார் வக்கீல். பேப்பரிலும் அப்படித்தான் வந்தது, ஊரிலும் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். நீ புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இன்றைக்கு ஆடிப்பெருக்கு. பாப்பாவுக்கு ஏதாவது இனிப்பு வாங்கிக் கொடு.

உன் அண்ணன்
சின்னராஜ்


காரிமங்கலம்
17.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா பரவாயில்லை. பாப்பாவுக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்தப் பெண் இறந்து இந்த வாரத்தோடு வருஷம் ஆகிவிட்டது. நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தது. உனக்குத் தெரியுமோ என்னமோ.

போன சந்தையில் ஒருவர் வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கருவாடு வாங்க வந்தவர் இல்லை. எனக்குப் பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு என்னால் கூவ முடியவில்லை. மாமா திட்டினார்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். பரிசலில் ஏறும்போது அந்தப் பெண் பயந்ததா?

எழில்


சேலம்
21.9.2025

தங்கச்சி எழிலரசிக்கு,

அம்மா, சோபனா, பாப்பா எல்லாரும் நலமா? என்னை விடு, நான் கிடக்கிறேன்.

ஒரு மாதம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் கூப்பிட்டால் நீ சந்தைக்குப் போயிருக்கிறாய் என்கிறார்கள். சந்தை என்ன தினமுமா நடக்கிறது?

உன் பழைய லெட்டர்களை எடுத்துப் படித்தேன். எப்படிப் பேசுவாய் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். என்ன பேசுவாய் என்று ஒரு எழுத்து இல்லை. முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது ராத்தூக்கம் போய்விட்டது.

யார் வந்து உன்னிடம் என்ன கேட்டார்கள்? யாரும் எதுவும் கேட்பார்கள், உனக்கென்ன? எனக்குத் தங்கச்சி நீ. அப்பா செத்தபோது உனக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் துடுப்புப் பிடித்தது யாருக்காக? சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். என் பிள்ளைக்கு நான் வேண்டும் எழிலு. அது என் முகத்தை மறந்துவிடும்போல இருக்கிறது. உன் காலில் விழுகிறேன், இந்த ஒரு தடவை மட்டும்.

அண்ணன்
சின்னராஜ்


காரிமங்கலம்
5.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் சுகம். அம்மா உன்னை நினைத்து நினைத்து உருகுகிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

14ஆம் தேதி வருகிறேன். பயப்படாமல் பேசுவேன்.

எழில்


காரிமங்கலம்
22.10.2025

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தீபாவளி வந்து போனது. வூட்டில் யாரும் எண்ணெய்கூட வைத்துக்கொள்ளவில்லை.

நீ பின்னால் நின்றாய். என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன். கூண்டில் ஏறும்வரைக்கும் நீ சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன் என்றிருந்தேன். சாமி சத்தியம். பஸ்ஸில் தருமபுரி வரும்வரை அதையேதான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பேர் கேட்டார்கள். "எழிலரசீ" என்று சந்தைக் குரலில் கத்திவிட்டேன். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. ஜட்ஜ் அம்மா சிரித்துவிட்டு, "மெதுவா சொல்லும்மா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயம் அதோடு போய்விட்டது. கால் இருந்தது, நாக்கு இருந்தது.

ஒரு முகத்தைத் தேடினேன். உன் முகத்தைத்தான் தேடினேன். போலீஸ்காரர் மறைத்துக்கொண்டு நின்றார். கடைசி பெஞ்சில் பிளசியின் அப்பா மரியசூசை உட்கார்ந்திருந்தார்.

போன தடவை நான் விழுந்தபோது "யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்" என்று எழுதினேன் இல்லையா? அவர்தான் கொடுத்தார். தன் பாட்டிலைத் திறந்து என் வாயில் ஊற்றி, "பயப்படாத பாப்பா, எம்பொண்ணும் இப்பிடித்தான் கூட்டத்தப் பாத்தா பயப்படுவா" என்றார். உனக்கு எழுதக் கை வரவில்லை. சந்தைக்கு வந்து கேட்டவரும் அவர்தான். என்ன கேட்டார் தெரியுமா? "ஊருல எல்லாரும் போட்டோவுக்கு ஆசப்பட்டுச் செத்தான்னு சொல்றாங்க பாப்பா. அவளுக்குத் தண்ணின்னாலே பயம். அந்தப் பயம் போவணும்னுதான் ஒரு தடவ ஏறிப் பாக்கறேன்னு எங்கிட்டக் கெஞ்சுனா. நாந்தான் காசக் கையில குடுத்து, போயிட்டு வான்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போனேன். அப்படிப்பட்டவ ஜாக்கெட்டக் கழட்டுவாளா? நீ பாத்திருப்ப. உன் அண்ணனுக்கு எதிரா கேக்கல. எனக்கு மட்டும் சொல்லு, கழட்டுனாளா?"

கோர்ட்டில் வக்கீல் கேட்டார். "உங்கண்ணன் ஜாக்கெட் கொடுத்தாரா?" நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "குடுக்கலீங்க" என்று என் வாய் சொன்னது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. தண்ணீர் ஏறிப் பரிசலுக்குத் தடை போட்டிருந்த நாள். "ஆரஞ்சு ஜாக்கெட்டு பாலத்துல இருந்தே தெரியும், போலீசு பாத்துரும், உன் பெஞ்சுக்கு அடியில கெடக்கட்டும்" என்று நீ சொன்னது, கரையேறி வந்ததும் அதையெல்லாம் எடுத்து நீயே ஆற்றில் எறிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நம் வக்கீல் போதும் போதும் என்றார். ஜட்ஜ் அம்மா பேசவிடுங்கள் என்றார். மரியசூசை துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

போன தடவை நான் மயங்கியது கூட்டத்தைப் பார்த்து மட்டும் இல்லை அண்ணா. பொய்யை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன், அது வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

ஐயோ, உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? உன்னை வெளியே கொண்டுவரத்தானே பேசப் பழகினேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

எழில்


காரிமங்கலம்
7.12.2025

அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பனி அதிகம், காதைக் கட்டிக்கொண்டு படு.

அப்பீல் தள்ளுபடி ஆனதை வக்கீல் சொன்னார். அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை. அண்ணி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பாலக்கோட்டுக்கு அவர்கள் அம்மா வூட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது என்னிடம், "ஊமையாவே இருந்திருக்கலாம் நீ" என்றார்கள். அம்மா நான் ஆக்கிய சோற்றைத் தின்கிறது, என்னிடம் பேசுவதில்லை. மாத்திரையை மட்டும் நான் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது.

மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தேன். பார்க்க விருப்பமில்லை என்று நீ சொன்னதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சந்தைக்குப் போகிறேன். கூவுகிறேன். மரியசூசை ஒரு நாள் வந்தார். ஒரு பை அவரைக்காயைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். அதைச் சமைக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

எழில்


சேலம்
18.1.2026

எழிலரசிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் இரண்டு லெட்டரும் வந்து சேர்ந்தன. மடிப்பைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். பொங்கல் அன்றைக்குத்தான் படித்தேன்.

இங்கே உன்னை நான் திட்டாத கெட்ட வார்த்தை இல்லை. தமிழ்மணி அண்ணன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து போய்விட்டார். கூடப் பிறந்தவளே குழியில் தள்ளினாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். பாப்பா பள்ளியில் அப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்லும் என்று நினைத்தால் உன் மேல் வருகிற ஆத்திரம் எனக்கே பயமாக இருக்கிறது.

அந்தப் பெண் பயந்ததா என்று கேட்டாய். பயந்தது.

அன்றைக்குக் கோர்ட்டில் உன்னை எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும்தான் கேட்டது. முதலில் அது நீதான் என்று நான் நம்பவே இல்லை. எந்த இடத்திலும் திக்கவில்லை, தடுமாறவில்லை. என் கையைப் பிடித்திருந்த போலீஸ்காரர், "யாருப்பா அந்தப் பொண்ணு, இவ்வளோ தைரியமா பேசுது" என்று கேட்டார். என் தங்கச்சி என்று சொன்னேன்.

அதற்கு மேல் இப்போது என்னால் முடியாது. கொஞ்ச காலத்துக்கு எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்திவிடாதே.

சின்னராஜ்